மாப்பிள்ளை வீட்டு நீலம்

காலை ஒன்பதேகாலுக்கு ஊரே ஜன்னலைத் திறக்கும்போது பான் ஹியெ-ஓக் தன் ஜன்னலை மூடுகிறார். சாம்பல் நிறத் திரைச்சீலையை இழுத்து, இரண்டு ஓரங்களிலும் துணி கிளிப் மாட்டி, வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்க்கிறார். பிறகு வீட்டிலிருந்து போட்டு வந்த சட்டைக்கு மேல் சாம்பல் நிற அங்கி ஒன்றைக் கழுத்துவரை பொத்தான் போட்டு மாட்டிக்கொள்கிறார். சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு மானிட்டரில் போய் விழுமாம். மணப்பெண்ணின் கன்னம் அளவுக்கு மீறிச் சிவந்து தெரியுமாம்.

"தெரிஞ்சா என் கை சும்மா இருக்குமா? செவப்பக் கொறச்சுக் கொறச்சு அந்தப் பொண்ண அரிசி மாவாக்கிரும்" என்பார்.

சியோலில், சுங்முரோவின் அச்சகச் சந்து ஒன்றில், மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்தக் கல்யாண ஸ்டூடியோ. கீழே காகிதக் கட்டு ஏற்றிய மூன்று சக்கர வண்டிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகும். மேலே ஹியெ-ஓக் மானிட்டர் சூடாகட்டும் என்று அரை மணி நேரம் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார். அதற்குள் அவசரம் என்று யார் வந்து நின்றாலும், தலைகீழாக நின்றாலும், ஒரு படத்தைத் தொடமாட்டார். ஐம்பத்து நான்கு வயதில் இருபத்தாறு வருடம் இந்த நாற்காலியில்தான் போயிருக்கிறது.

வேலை என்னவோ ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மண்டபத்தில் இருந்த நிறம் ஆல்பத்திலும் இருக்க வேண்டும். ஆனால் படம் நேராக ஆல்பத்துக்குப் போவதில்லை. ஒரு சாப்ட்வேரில் அதைக் கழுவி எடுக்கிறார்கள், இன்னொன்றில் முகத்துப் பருவையும் கண்ணுக்குக் கீழுள்ள கருமையையும் நீக்குகிறார்கள், மூன்றாவதில் பக்கம் பக்கமாக அடுக்கி அச்சுக்கு அனுப்புகிறார்கள். நிறம் என்பது உள்ளே வெறும் எண்கள்தான். அந்த எண்ணை ஒவ்வொரு சாப்ட்வேரும் தன் இஷ்டத்துக்குப் படிக்கும். அதனால் ஒவ்வொரு படத்தோடும் ஒரு குறிப்பை ஒட்டி அனுப்ப வேண்டும், 'என் எண்களை இந்தக் கணக்கில் படி' என்று. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஹியெ-ஓக்குக்கு ஒரே ஒரு வாசகம்தான் உண்டு.

"சோயா சாஸ் ரெண்டு கரண்டின்னு எழுதி வெச்சா ஆச்சா? யார் வீட்டுக் கரண்டின்னு எழுத வேணாமா?"

குறிப்பு ஒட்டாமல் படம் அனுப்புகிற போட்டோகிராபர்களுக்கு அவர் போன் செய்வதில்லை. 'கரண்டி எங்கே?' என்று மட்டும் செய்தி அனுப்புவார். அந்தச் சந்தில் பாதிப் பேருக்கு அவர் பெயரே கரண்டியம்மா.

மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் படத்து நிறத்தோடு ஒத்துப் பார்க்கப் பட்டுத் துணி வெட்டல்கள், விரல் அகலத்தில் சில நூறு. சனிக்கிழமைகளில் குவாங்ஜாங் சந்தைக்குப் போய், ஹான்பொக் என்கிற கொரியப் பாரம்பரிய உடுப்பு தைக்கிற கடைகளில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கி வருகிறார். "வந்துட்டாடா துணி திருடி, கத்திரிய எடுத்து உள்ள வை" என்று தையற்காரம்மாக்கள் கத்துவார்கள். கத்திக்கொண்டே நல்ல வெட்டலாகப் பார்த்துக் கொடுப்பார்கள். ஹியெ-ஓக்குக்கு நிறங்களின் பெயர் எல்லாம் சாப்பாட்டிலிருந்துதான் வரும். மூணாம் நாள் கிம்ச்சி, உரித்த பேரிக்காய், ஆறிப்போன பூசணிக் கஞ்சி. ஆனால் கிம்பாப் என்கிற சோற்றுச் சுருளைச் சாப்பிட மாடிப்படிக்குப் போய்விடுவார். அதிலிருக்கும் மஞ்சள் முள்ளங்கி மேஜைப் பக்கமே வரக்கூடாது. தங்கை வீட்டுக்குப் போனால் கேட்காமலே டிவியின் நிறத்தை மாற்றி வைப்பதால், அக்கா வருகிறாள் என்று தெரிந்ததும் தங்கை ரிமோட்டை அரிசி டப்பாவில் புதைத்துவிடுகிறாள்.

சுசொக் பண்டிகைக்கு ஆறு நாள் இருக்கும்போது அந்த மாடியை மூச்சு வாங்க ஏறி வந்தார் டோ சுன்-நாம். மாங்வொன் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். வசந்தகாலத்தில் மகனுக்குக் கல்யாணம் முடித்திருந்தார். ஒரு கையில் ஆல்பம், இன்னொரு கையில் துணி மூட்டை. முன்னறையில் இருந்த முதலாளி பியோவைத் தாண்டி நேராக ஹியெ-ஓக்கின் இருட்டறைக்கு வந்து, ஆல்பத்தை விரித்து, ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏம்மா, இதுல நான் எந்த வீட்டுக்காரி? சொல்லு."

"மாப்பிள்ளை பக்கத்துல நிக்கிறீங்க. மாப்பிள்ளை வீடு."

"நிக்கிற எடத்தப் பாக்காத. உடுப்பப் பாத்துச் சொல்லு."

ஹியெ-ஓக் பார்த்தார். கொரியக் கல்யாணங்களில் பெண்ணின் அம்மா என்றால் இளஞ்சிவப்பு, மாப்பிள்ளையின் அம்மா என்றால் நீலம். மேடையில் ஏற்றுகிற மெழுகுவர்த்திகூட அப்படித்தான். கடைசி வரிசையில் சாப்பாட்டுக்கு வந்தவன்கூட அதை வைத்தே யார் யாரென்று சொல்லிவிடுவான். படத்தில் சுன்-நாம் உடுத்தியிருந்தது இரண்டிலும் சேராத ஒரு ஊதா. பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவின் இளஞ்சிவப்பும் சோர்ந்துபோய், இருவரும் ஒரே வீட்டு அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள்.

பியோ பின்னாலேயே வந்து சமாளித்தார். "மண்டபத்து லைட்டு அப்படிம்மா. சிலது அப்படித்தான் விழும்."

"லைட்டு மேல பழியப் போடாதப்பா. பதினெட்டுப் பக்கத்துலயும் என்னையே தேடி வந்து அடிச்சுதா உன் லைட்டு?"

சுன்-நாம் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அந்த உடுப்பு, தெளிந்த காலை வானத்தின் நீலம். மடிப்பை நீவிக்கொண்டே சொன்னார்:

"நான் அவனப் பெத்தவ இல்ல. அவனுக்கு ஏழு வயசுல வந்தேன். கல்யாணத்துல அம்மா நாற்காலில அவன் அத்தைய உக்கார வைக்கணும்னு அவன் அப்பா ஆளுங்க எவ்ளோ பேச்சுப் பேசினாங்க தெரியுமா? அவன்தான் எங்கம்மா இவங்கதான்னு கையப் புடிச்சு உக்கார வெச்சான். இருபத்து மூணு வருஷம் கழிச்சுப் போட்ட நீலம் இது. சுசொக்குக்கு எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க, மொதல்ல ஆல்பத்தத்தான் கேப்பாங்க. இதையா காட்டச் சொல்ற?"

ஹியெ-ஓக் அந்த நீலத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அல்லவா? முதல் சாப்ட்வேரில் படத்தைத் திறந்தார்: நீலம். இரண்டாவதில் திறந்தார்: அதே நீலம். "பாருங்க, என் கையிலருந்து போறப்ப நீலம்தான்" என்றவர், எழுந்து முன்னறைக்குப் போனார். ஆல்பம் அடுக்குவது பியோவின் வேலை. வசந்தகாலத்தில்தான் அதற்குப் புது சாப்ட்வேர் வாங்கியிருந்தார்கள், அதில் போன முதல் ஆல்பமும் இதுதான். அங்கே படத்தைத் திறந்ததும் சுன்-நாம் ஊதாவாக நின்றார்.

"தம்பி! கரண்டிக் குறிப்ப எங்க தூக்கிப் போட்ட?"

"சத்தியமா நான் எதையும் தொடலக்கா. நீ வெச்சுக் குடுத்தபடியேதான் இருக்கு."

ஹியெ-ஓக் அமைப்புப் பக்கத்தைத் தேடித் திறந்தார். வேறிடத்துப் படம் வரும்போதெல்லாம் 'இதன் நிறக்குறிப்பை வைக்கட்டுமா, எறியட்டுமா?' என்று அந்த சாப்ட்வேர் கேட்க வேண்டும். கேட்கவில்லை. 'எறி' என்பது தேர்வாகியிருந்தது. அதன் கீழே 'இனிமேல் கேட்காதே' என்ற கட்டத்தில் ஒரு டிக்.

"இத யாரு போட்டது?"

பியோ தலையைச் சொறிந்தார். "மொத நாள் நீதானக்கா உக்காந்து சரி பண்ணின? ஏதோ சோதனைப் படம் போட்டுப் பாத்துட்டு, 'நச்சு நச்சுனு கேள்வி கேக்குது சனியன்'னு சொல்லிட்டு..."

ஊருக்கெல்லாம் கரண்டி உபதேசம் செய்தவர், ஒரு மெஷினைப் பார்த்துக் கேள்வி கேட்காதே என்று வாயை அடைத்திருக்கிறார். காது மடல்வரை சிவந்துபோனது. சாம்பல் அங்கிக்கு மேல் அந்தச் சிவப்பு நன்றாகவே தெரிந்தது. எழுந்து சுன்-நாமின் முன் இடுப்பு மடியக் குனிந்தார்.

"தப்பு என்னோடதும்மா. லைட்டு மேலயும் இல்ல, இந்தத் தம்பி மேலயும் இல்ல."

நிமிர்ந்தபோது, அவமானத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இருபத்தாறு வருஷத்துல நெறம் சரியில்லைன்னு சொல்லி இந்த மாடி ஏறி வந்த மொத ஆள் நீங்கதான். நான் ஒருத்திதான் பாக்குறேன்னு நெனச்சிருந்தேன்."

"நல்லா நெனச்ச போ" என்றார் சுன்-நாம். சிரிப்பை அடக்கிய முகத்தோடு உடுப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

டிக்கை எடுத்தாயிற்று. இதற்குப் பின்னால் போன ஆல்பங்களையும் பண்டிகை முடிந்ததும் திருத்துவதென்று முடிவாயிற்று. ஆல்பம் முழுவதும் மறுபடி அடுக்கி, முதல் பக்கம் அச்சாகும்போது ஹியெ-ஓக்கே அச்சகத்தில் போய் நின்றார். உடுப்பின் கையை அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த பக்கத்துக்குத் தலையாட்டினாராம். பிஸ்கட் டப்பாவுக்கு ஒரு வெட்டல் வேண்டுமென்று கை பரபரத்ததாம். அடுத்தவர் கல்யாண உடுப்பு என்பதால் அடக்கிக்கொண்டாராம்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் சுன்-நாம் வந்தார். இருட்டறையில், மேஜை விளக்கின் கீழ், புது ஆல்பத்தையும் உடுப்பையும் அருகருகே வைத்தார் ஹியெ-ஓக். பியோ கதவில் சாய்ந்து நின்று, ரெண்டும் ஒண்ணுதான் என்று தானாகவே தீர்ப்புச் சொன்னார். சுன்-நாம் கண்ணைச் சுருக்கினார், விளக்கைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார்.

"உன் வெளக்குக்குக் கீழ சரியாத்தான்மா இருக்கு. எங்க வீட்டுல கெழக்கு வெயிலு ஹால் பூரா வரும். அங்கதான் எல்லாரும் உக்காந்து பாப்பாங்க."

அந்த விளக்கு எவ்வளவு ஒழுங்கான விளக்கு, வெயில் எவ்வளவு நிலையில்லாதது என்று ஹியெ-ஓக் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். பியோ அதைக் கேட்கத் தயாராகப் பெருமூச்சே விட்டுவிட்டார். ஹியெ-ஓக் விளக்கை அணைத்தார். ஜன்னலுக்குப் போய் ஒரு கிளிப்பைக் கழற்றினார், மற்றதையும் கழற்றினார், பகலில் ஒருநாளும் விலகாத அந்தச் சாம்பல் சீலையை ஒரே இழுப்பில் கடைசிவரை தள்ளினார். வெயில் மேஜைமேல் விழுந்தது. சுன்-நாம் உடுப்பின் கையை எடுத்து, படத்தில் தன் கை இருக்கும் இடத்தில் மெல்லப் பொருத்திப் பார்த்தார். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று ஹியெ-ஓக்குக்கும் ஆசைதான். ஆனாலும் தன் நிழல் அந்த நீலத்தின் மேல் விழாதபடி ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.