எப்பவும் போல குந்துங்க

கோவில்பதாகையில் என் பழைய பைக்கின் பின் ஷாக் அப்சார்பர்களைப் பிரித்து, புது எண்ணெய் ஊற்றிப் பூட்டிய மெக்கானிக்கின் கை ஓயாது. பேசும்போதும் பக்கத்து வண்டியின் சீட்டை அமுக்கிக்கொண்டே இருப்பார். பின்னால் உட்காருகிறவரை உட்காரவைத்துப் பார்க்காமல் ஸ்பிரிங்கை இறுக்க மாட்டார்.

மனைவியை அழைத்துப் போனேன். எனக்குப் பின்னால், பின்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா, இம்மாந்தூரம் தள்ளி குந்திகினு கீறீங்க? எப்பவும் போல குந்துங்க. இல்லாட்டி அளவு தப்பாப் பூடும்.”

“எப்பவும் இப்படித்தான்” என்றாள்.

அவர் கை நின்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கை இன்னும் ஒரு படி இறுக்கினார்.

அன்றிலிருந்து ஆவடியின் எந்தப் பள்ளமும் எங்களைத் தூக்கிப்போடவில்லை. முன்பு பள்ளத்தில் இறங்கினாலாவது அவள் கை என் தோளுக்கு வரும். அவ்வளவு நல்ல வேலைக்காரர்மேல் எனக்கு ஏன் இன்னும் கோபம் வருகிறது?