பிரேக் அக்கா பார்த்தது

அந்தப் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற ஆசிரியர்கள் அதை ஆபத்துக்கென்று வைத்திருந்தார்கள். அவளோ வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதுபோல அதை மிதிப்பாள். "கண்ணாடியப் பாக்காம திரும்பாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்பாள், ஒரு மிதி. வண்டி நிற்கும், ஓட்டுபவரின் நெஞ்சும் ஒரு கணம் நின்று திரும்ப ஓடும்.

முதலில் அவள் அங்கே ஃபோன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் ஆசிரியர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, வகுப்புக்கு வந்திருந்த பெண் கண்கலங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், "வாங்க, நான் வரேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான். அதற்குப் பிறகு மேசைக்குத் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவருக்கு அதில் ஒரே பெருமை. ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். "நீ வாயத் தொறந்தாலே வண்டி நின்னுடும், உனக்கெதுக்கு தனியா ஒரு பிரேக்கு?" என்பார்.

அவளிடம் வந்து சேர்ந்த மாணவர்களிலேயே பயந்த சுபாவம் ரொட்டிக்கடைக்காரருக்குத்தான். ஐம்பதைத் தாண்டியவர், ஆஜானுபாகு, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. விடியும் முன்னே அடுப்பு மூட்டி, மதியம் அது ஆறிய பிறகு வகுப்புக்கு வருவார். சட்டையில் மாவு ஒட்டியிருக்கும். ஸ்டியரிங்கைச் சுடச்சுட இறக்கிய தட்டு மாதிரி விரல் நுனியால் பிடிப்பார். தன்னைவிடச் சின்னவளானாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார். அதுதான் பின்னால் வினையாயிற்று.

அன்று நல்ல வெயில். பழைய கிடங்குகளின் பின்பக்கம் போகும் நேர்ச்சாலையில் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலை. புதியவர்களுக்குத் தோது. தூரத்தில் தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேலே துளி மேகம்கூட இல்லாத வானம். முன்கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று நினைத்து அவள் துணியால் துடைத்தாள். போகவில்லை. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. கண்ணாடி ஆடியது, அது ஆடவில்லை. அப்போதுதான் அது கண்ணாடியில் இல்லை, வானத்தில் இருக்கிறது என்று உறைத்தது.

நீளவாக்கில், இரண்டு முனையும் மழுங்கி, திண்டு மாதிரி இருந்தது. நிறம் கழுவிக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரத்தின் நிறம். இறக்கை கிடையாது, வால் கிடையாது, புகை கிடையாது, கட்டியிழுக்கும் கயிறும் கிடையாது. தொட்டிக்கு மேலே சும்மா நின்றது.

அவள் பேச்சை மறந்து போனாள். அந்த வண்டிக்குள் அது புதுசு. ஓட்டிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

"டீச்சர், நான் எதுனா தப்பு பண்ணிட்டேனா?"

"ரோட்டப் பாருங்க" என்றாள் பழக்கதோஷத்தில். அவரும் பார்த்தார். இமைக்காமல் பார்த்தார்.

வானத்தில் இருந்தது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல மெதுவாக ஒரு பக்கமாகப் புரண்டது. "அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றாள். அவர் விளக்குப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஓரம் கட்டி, பூப்போல நிறுத்தினார். அவள் உதவியில்லாமல் அவர் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அதைப் பாராட்டக்கூடத் தோன்றாமல் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம்தான் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நேர் மேலே ஏறியது. சாயவில்லை, அவசரப்படவும் இல்லை. ஏறி, சின்னதாகி, பொட்டாகி, இல்லாமல் போனது.

"அண்ணே! மேல பாருங்க, மேல!"

அவர் வேர்க்க விறுவிறுக்கத் தலையை வெளியே நீட்டினார். "என்ன டீச்சர், சிக்னலா?"

மாலைக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. அவள் கணவரிடம்தான் சொன்னாள். முடிவெட்டும் கடையில் சொன்னால் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. மறுநாள் முதல் கேலி தொடங்கியது. "அக்கா, மேல வந்தவங்களும் எட்டு போட்டுக் காட்டணுமா? லைசென்ஸ் யார் குடுப்பா?" என்றார்கள். மாணவர்கள் எல்லாரும் வண்டிக்குள் உட்கார்ந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் அண்ணாந்து பார்த்தபடியே ஓட்டி, நடைபாதையில் ஏற்றிவிட்டாள்.

பள்ளி முதலாளி அவளைவிட இளையவர். நல்ல மனுஷன், ஆனால் தொட்டதற்கெல்லாம் கவலைப்படுவார். அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. கண்ண ஒரு தடவ காட்டிட்டு வந்துடுங்களேன்."

காட்டினாள். கண் டாக்டர் பலகையில் இருந்த மிகச் சிறிய எழுத்தையும் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உங்கள் வயதில் இப்படிக் கண் அமைவது கொடுப்பினை என்று அனுப்பிவிட்டார். முதலாளிக்கு அதுவும் கவலையாகப் போயிற்று.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்க்கா. பலூன்னு சொல்லிடுங்க. பேச்சு அடங்கிடும்."

"பலூனா இருந்தா பலூன்னு சொல்லிட்டுப் போறேன் தம்பி. எனக்கென்ன, பலூன் மேல கோவமா?"

அவர் பெருமூச்சு விட்டு, மிச்சத் தேநீரைக் குடித்தார். அவளுக்குக் கோபம் இல்லை. கேலி செய்கிறவர்கள் மேல்கூட இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அத்தனை பெரிய வானத்தின் கீழே, பார்த்தது தான் ஒருத்திதானா?

அந்த வாரக் கடைசியில் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடை நிரம்பி வழிந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த துணிக்கடை மேனேஜர் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்கக்கா. இன்னிக்கு மேல டிராஃபிக் எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். கணவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்போது நாற்காலியில் இருந்து முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து நின்றார். ரொட்டிக்கடைக்காரர்.

"சிரிக்காதீங்க. நானும் பாத்தேன்."

அந்தப் பூனைக்குட்டிக் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "நான்தான வண்டி ஓட்டுனேன். நல்லாவே பாத்தேன். செவப்பா இருந்துச்சு. வட்டமா. சுத்தி லைட்டு. அடுப்பு எரியற மாதிரி ஒரு சத்தம்..."

அவள் அவரையே பார்த்தாள். இந்த மனிதர், ஒரு மாவு மூட்டையை நகர்த்தக்கூட மன்னிப்புக் கேட்கிறவர், தனக்காக இத்தனை பேர் முன்னால் நுரையோடு நின்று புளுகுகிறார். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. இருவர் சொன்னால் அதற்கு மதிப்பே வேறு.

"அண்ணே, உக்காருங்க" என்றாள் மெதுவாக. பிறகு பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். "இவர் எதையும் பாக்கல. நான் ரோட்டப் பாக்கச் சொன்னேன், ரோட்டத்தான் பாத்தார். அது செவப்பும் இல்ல, வட்டமும் இல்ல. லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. பாத்தது நான் மட்டும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கணவரின் கையில் கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி நின்றது. மேனேஜர் பெஞ்சின் நுனிக்கு வந்தார்.

"அக்கா... அப்ப நெஜமாவே ஏதோ இருந்துச்சா?"

"அதத்தான அன்னிலேந்து சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றவள், சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு கேலி தானாக வடிந்தது. கேட்டவர்கள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். முதலாளியே விமான நிலையத்துக்கும் வானிலை அலுவலகத்துக்கும் ஃபோன் போட்டு விசாரித்தார். எங்களுடையது இல்லை என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, கவலைக்குப் பதிலாக ஆர்வம் தெரிந்தது. அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ரொட்டிக்கடைக்காரர்தான் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவளே கடைக்குத் தேடிப் போனாள். ஆளைக் கண்டதும் அவர் பன் தட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அந்த உடம்பு எதற்குப் பின்னால் ஒளியும்?

"உங்க மூஞ்சில முழிக்க முடியல டீச்சர். பொய் சொல்லிட்டேன். அதையும் ஒழுங்கா சொல்லத் தெரியல."

"எனக்காகப் பொய் சொல்லவும் ஒரு ஆள் இருக்காருன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாண்ணே? அத விடுங்க. கியர் மாத்தறப்ப கீழ குனிஞ்சு பாக்கறீங்க பாருங்க, அதுதான் மன்னிக்க முடியாத குத்தம். நாளைக்கு வந்து சேருங்க."

வந்து சேர்ந்தார். தட்டுத்தடுமாறி லைசென்சும் வாங்கினார். வாங்கிய அன்று பயிற்சிப் பள்ளிக்கே ஒரு பெரிய கேக்கைச் சுமந்துகொண்டு வந்தார். கேக்கைக் கொண்டுவர வண்டி எடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, பயமாக இருந்தது, நடந்தே வந்துவிட்டேன் என்றார்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அவளும் கணவரும் சமையலறையில் இருந்தார்கள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வெயில் மேடையில் விழுந்திருந்தது. அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"ஏம்மா, எனக்கு முழுசா சொல்லேன். அது எப்படித்தான் இருந்துச்சு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது, அது வெங்காயத்தால். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்ததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவே இல்லை. கடையில் எல்லார் கதையையும் கேட்கிறவர், வீட்டில் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"பயமா இருந்துச்சா?"

"இல்லீங்க." கொஞ்சம் யோசித்தாள். "நல்லா இருந்துச்சு. ஏன்னு கேக்காதீங்க, சொல்லத் தெரியல."

"நான் கேக்கல" என்றார் அவர். உரித்த வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, தேநீர் போட எழுந்தார்.