மணி அடிக்கும்வரை

என் அண்ணியை அவள் வேலை பார்த்த பிசியோதெரபி நிலையத்தில் ‘டைமரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுவலிக்காரர்களைத் திரைச்சீலைக்குப் பின்னால் படுக்கவைத்து, ஒத்தடப் பையை வைத்து, டைமரைத் திருகிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாள். மணி அடித்தால்தான் திரும்புவாள். நடுவில் யாராவது முனகினால், "டைமர் ஓடுதில்ல? அது பாத்துக்கும்" என்பாள்.

வீட்டிலும் அதே கதைதான். முட்டை வேகவும் டைமர், தண்ணீர் மோட்டாருக்கும் டைமர். நடுவில் மூடியைத் திறந்தால் கோபம் வந்துவிடும். "சும்மா சும்மா பாத்தா சீக்கிரம் வெந்துடுமா?" எனக்கோ அந்த டிக்டிக் சத்தமே ஆகாது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பல்லைக் கடிப்பது போலிருக்கும்.

அண்ணன் பக்கவாதத்தில் விழுந்ததும் அவருக்குப் பேச்சும் அசைவும் போயின. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அண்ணி வேலையை விட்டுவிட்டு, கட்டிலருகே அலமாரியில் டைமரை வைத்து அதையே செய்தாள். ஒரு புண் வந்ததில்லை. என்ன திட்டினாலும் அந்தப் பெருமையை அவளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

அன்று மதியம் நான் போனபோது கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி?"

"தூங்குறார். இன்னும் மணி அடிக்கல."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் டிக்டிக் சத்தமே இல்லை. அறைக்குள் ஓடினேன். டைமர் பாதியில் நின்றிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அண்ணன் சில்லிட்டுப் போயிருந்தார்.

"ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

"மணி அடிக்கலையே" என்றாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அறையைக் கூட்டலாம் என்று கட்டிலை இழுத்தேன். அது அலமாரியில் இடித்தது. டைமர் ஓட ஆரம்பித்தது. நிறுத்த எனக்குக் கை வரவில்லை. மிச்சமிருந்த நேரத்தை ஓடி முடித்து, மணி அடித்தது.

அண்ணி எழுந்து வந்தாள். வெறும் மெத்தைமேல் குனிந்து, இரண்டு கைகளையும் கொடுத்து, எதையோ கனமாகப் புரட்டினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகு அந்த இடத்திலேயே சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தாள்.

"டைமரை வச்சிட்டுப் போ. அடிக்கிறவரைக்கும் யாரும் வராதீங்க."

வைத்தேன். ஆனால் போகவில்லை. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாதியில் டிக்டிக் நின்றது. பதறிப்போய் அவள் தோளைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள், திரும்பாமலே.