கடிகாரம் இருந்த பக்கம்

சதுரமான சின்ன மேசைக் கடிகாரம் அது. வெள்ளை முகம், கறுப்பு எண்கள். பாத்திரக் கடையில் நிறைய வாங்கினால் இலவசமாகக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. சரவணம்பட்டியில் மனநல ஆலோசகரின் அறையில், நான் உட்காரும் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியில் அது இருந்தது. அவர் பார்க்கலாம், நான் பார்க்க முடியாது. டிக் டிக் சத்தம் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

என் கணவர் போய் ஒரு வருடமாகியும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் அங்கே பேசி ஏற்பாடு செய்தாள். வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம். ஆலோசகர் வயதில் என் மகளைவிடச் சற்றே மூத்தவர். "நான் டாக்டர் இல்லீங்கம்மா" என்று திருத்திப் பார்த்துவிட்டு அவரே விட்டுவிட்டார். எனக்கு அவர் டாக்டரம்மாதான்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை யாரும் கிளம்பச் சொல்ல மாட்டார்கள். வந்தவர்தான் குறிப்பறிந்து எழுந்து, "வாரேனுங்க" என்று சொல்ல வேண்டும். இதில் நான் மகா கெட்டிக்காரி. நேரமாயிற்று என்று டாக்டரம்மா வாயால் சொல்ல வைத்துவிட்டால் அதைவிட மானக்கேடு உண்டா? அவர் பார்வை என் தோளுக்கு மேலே ஒரு தடவை போனால் போதும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவேன்.

"இன்னும் நேரமிருக்குதுங்கம்மா, உக்காருங்க."

காபி குடிச்சுட்டுப் போங்க என்பது போன்ற உபசாரமாக அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவேன். மழை, மகளின் வேலை, பெருந்துறையில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி என்று ஊர்க்கதையெல்லாம் பேசினேன். பேச்சு கணவரிடம் வரும்போது மட்டும் எப்படியோ நேரம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். தூக்கமும் திரும்பவில்லை. இனிமேல் போகப்போவதில்லை என்று மகளிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

அந்த வாரம் நான் உள்ளே நுழைந்தபோது டாக்டரம்மா கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இத எங்க வெக்கட்டுங்கம்மா? சில பேருக்கு இதப் பாத்தாலே பதட்டமாயிருமுங்க. சில பேருக்குக் கண்ணு முன்னால இருந்தாத்தான் நிம்மதி. உங்களுக்கு எப்படீங்க?"

இதையெல்லாம் நம்மிடம் கேட்பார்கள் என்று நான் நினைத்ததேயில்லை. எனக்குத் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "முடிக்கற நேரத்த நான் சொல்றனுங்க. அது என் வேலை. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றார்.

வழக்கம்போலக் கணவர் பேச்சு வந்தது. வழக்கம்போலக் கை முந்தானைக்குப் போனது. கடிகாரத்தைப் பார்த்தேன். பாதிகூட ஆகியிருக்கவில்லை. எழுந்து போக ஒரு சாக்கும் இல்லை.

"எனக்கு அவருமேல கோவமுங்க" என்றேன். "வயித்துல கட்டின்னு அவருக்கு முன்னாலயே தெரியுமுங்க. எனக்குச் சிரமம் வேண்டாமுன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. ஆருக்கும் சங்கடம் குடுக்காம, அவராவே எந்திரிச்சுப் போயிட்டாருங்க."

சொன்ன பிறகுதான் என் பேச்சு என் காதிலேயே விழுந்தது. வாராவாரம் அந்த நாற்காலியிலிருந்து நான் செய்ததும் அதைத்தானே? செத்தவர்மேல் கோபப்படுவதா என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், அன்று தேம்பித் தேம்பி அழுதேன். அழுது ஓய்ந்த பிறகு டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "நேரமாயிருச்சுங்கம்மா. அடுத்த வாரம் இங்கிருந்தே ஆரம்பிக்கலாமுங்க."

நான் அத்தனை நாள் பயந்த வார்த்தை. கேட்டபோது வலிக்கவேயில்லை. மறுபடி வரச் சொல்கிறாரே என்று ஆறுதலாகத்தான் இருந்தது.

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். அங்கே போவதை நிறுத்தியும் கொஞ்ச காலமாகிறது. அதே மாதிரி ஒரு கடிகாரம் வாங்கி, உட்கார்ந்து போன் பேசும் இடத்துக்கு எதிரே வைத்திருக்கிறேன். நேற்று மகள் பேசினாள். பேச்சுக்கு நடுவில் "அப்பா இருந்தப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, "செரிம்மா, உனக்கு வேலை கெடக்கும், வெச்சர்றேன்" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள், வேறு எப்படி இருப்பாள்?

எதிரே கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நேரமிருக்குது கண்ணு, வெச்சுறாத" என்றேன். "அப்பாவப் பத்தி என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு."