பாதை விட்டுப்போன பத்திரம்

இலுப்பூரில் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அலுவலகம் நடத்துகிறேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர், வீட்டில் என் லேப்டாப். ஒரே பத்திரத்தை மூன்றிலும் திருத்துவோம். எது கடைசித் திருத்தம் என்று தினமும் குழப்பம்.

டைப் அடிக்க விராலிமலையிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வருவார். ஒருநாள் அவர் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டினார். "யாரு, எந்தக் கம்ப்யூட்டர்ல, எப்ப மாத்துனாங்கன்னு இதுல நிக்கும் சார். பழசும் அழியாது. ஒவ்வொரு தடவையும் என்ன மாத்துனோம்னு ஒரு வரி மட்டும் எழுதணும்."

அந்த ஒரு வரி எனக்குச் சுமையாகத் தெரிந்தது. "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்? மூணுலயும் தானா ஒரே மாதிரி ஆகுற ஃபோல்டர் போதும்" என்று அதையே போட்டேன்.

சில மாதங்கள் கழித்து அக்கா, தங்கை இருவருக்கு ஒரு பாகப்பிரிவினை. அக்கா வயல் வழியாகத் தங்கை போய்வரும் பாதை உரிமையை, டைப் அடித்த பெண்தான் விசாரித்துச் சேர்த்தார். பதிவன்று இருந்த அவசரத்தில் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. பிறகு தங்கை பத்திரத்தோடு வந்து, "எனக்குப் பாதை எங்கிட்டுங்க இருக்கு?" என்று கேட்டார். அந்தப் பத்தியே இல்லை.

வந்தவர்கள் முன்னால் அவமானமாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் கத்தினேன். "கண்ண எங்க வச்சிருந்த? இந்த வேலைக்கு நீ லாயக்கே இல்ல."

"நான் சேத்தேன் சார்" என்றார். காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. ஃபோல்டரில் இருந்தது ஒரே ஒரு ஃபைல். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

அக்கா தகராறு பண்ணாமல் பிழைத்திருத்தல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதை எழுத வீட்டு லேப்டாப்பைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நெட் இல்லாத ஒருநாள், பாதை சேர்ப்பதற்கு முந்தைய வரைவில் நான் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி வைத்திருந்தேன். நெட் வந்ததும் அது அவருடைய திருத்தத்தின் மேல் ஏறிவிட்டது.

விராலிமலைக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "திட்டுனப்ப நாலு பேரு இருந்தாங்க சார். இப்ப நீங்க மட்டும் வந்திருக்கீங்க." பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம்.

அந்தச் சகோதரிகளிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அடுத்த வாரம் தங்கை நகல் வாங்க வந்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "அந்தப் புள்ளைய நிறுத்திட்டீங்களா? நல்லதுங்க" என்றார்.

நான் நகலை எடுத்துக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.