தீரப்போகும் பேட்டரியில் எங்கள் பாட்டு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரி கிளீனராகவும் ஓட்டல் சப்ளையராகவும் ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் இரண்டு வருஷம் தங்கினேன். காரணம் ஒரு பேண்டு. பக்கத்துத் தோணிரேவு கிராமத்து மீனவன் ஒருவன் கிட்டார் வாசித்துப் பாடுவான். இறால் வியாபாரி வீட்டுப் பையன் டிரம்ஸ்; 'பாய்' என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். நான் பேஸ் கிட்டார். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம். பாடகன் எழுதிய ராக் பாட்டுகள் மட்டும்தான். அதனால் கல்யாண வீடுகளில் எங்களை இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை.

காற்றுக்கு எதிராகப் படகிலிருந்து கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல் அவனுக்கு. பாட்டில் பாதி அந்தக் கரகரப்புதான்.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனி எங்கள் பாட்டுகளைப் பதிவு செய்தது. சில மாதம் கழித்து பஸ்ஸில் கேசட் பார்சல் வந்தது. டீக்கடையில் போட்டோம். கீச்சுக் குரலில் யாரோ சிறுமி பாடினாள். எல்லாப் பாட்டையும் சின்ன கேசட்டுக்குள் அடக்க, கம்பெனி பாட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தது.

"இன்னா நைனா, உன் தங்கச்சி பாடிக்கீதா?" என்றார் கடைக்காரர். கடையே சிரித்தது. பாடகனும் சிரித்தான். மறுநாள் கிட்டாரை உரச்சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

"வேற ஆளப் பாத்துக்கங்கடா."

கம்பெனிக்குப் போய்ச் சண்டை போட்டேன். "வேகமா இருந்தாதான் தம்பி விக்கும்" என்றார் மேனேஜர். அப்படியும் விற்கவில்லை.

பிறகு ஒருநாள் பாயோடு இறால் எடுக்க, ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரம் போனேன். அங்கே கரண்ட் கிடையாது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் பக்கத்தில் டேப் ரிக்கார்டர் பாடியது. எங்கள் கேசட். குரல் கரகரவென்று அவனுடையதேதான்.

"பேட்டரி தீரப்போவுது, மெதுவா சுத்துது. இப்பதான் நல்லா பாடறான்" என்றாள் அக்கா. "புதுசு போட்டா பூனக்குட்டி மாரி கத்தறான்பா."

மறுநாள் பாடகனை இழுத்துக்கொண்டு போனோம். குத்துக்காலிட்டுக் கேட்டான். மூன்றாவது பாட்டின் நடுவில் குரல் இழுத்துக்கொண்டே போய் நின்றது. அக்கா பேட்டரிகளைக் கழற்றி மணலில் வெயிலில் வைத்தாள்.

"சூடேறட்டும், இன்னும் ரெண்டு பாட்டு ஓடும். குந்து."

"நிக்கட்டும்க்கா, மிச்சத்த நான் பாடறேன்" என்றான். "டேய் பாய், இந்த எடத்துலதான ரெக்கார்டிங் அன்னிக்கு தாளத்த வுட்ட?"

பாய் காலி இறால் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.