தொலைபேசியில் ஒரு வாறன்

போர்த்துக்கலின் தெற்குக் கரையில் நாங்கள் தங்கிய அந்தப் பெரிய ஹோட்டலில் நான் ஒரு மணி நேரம்கூட ஒழுங்காக உட்காரவில்லை. கோல்ஃப் மைதானமும் ஸ்பாவும் சேர்ந்த இடம் அது. காசுள்ளவர்கள் சும்மா இருப்பதற்கென்றே கட்டியது. எனக்குச் சும்மா இருக்க வராது. அது போதாதென்று, லண்டனில், மோர்டனில் பூட்டிவிட்டு வந்த வீட்டில் தொலைபேசி அடிப்பதுபோல எந்நேரமும் காதுக்குள் ஓர் இரைச்சல்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்துக்கு நான் மனேஜர். அந்த வருடம் வியாபாரம் நன்றாக நடந்த நிலையங்களின் மனேஜர்களுக்குக் கம்பனி ஒரு பரிசு கொடுத்தது. மனைவியோடு திங்கள் முதல் வெள்ளி வரை அந்த ஹோட்டலில் தங்கலாம். கடிதம் வந்த அன்றே என் மனைவி அதை விம்பிள்டன் பிள்ளையாரிடம் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டாள். கல்யாணம் முடித்து ஆறு வருடத்தில் நான் அவளைக் கூட்டிப்போன ஆகத் தூரமான இடம் லண்டனுக்குள்ளேயே இருக்கிற ஆர்ச்வே முருகன் கோயில்தான். ஆகவே அவளைக் குறை சொல்ல ஏலாது.

எனக்குப் போக மனமில்லை. ஊரில் நடந்த சண்டைக்குத் தப்பிப் புறப்பட்ட தம்பி மொஸ்கோவில் இருந்தான். லண்டனுக்கு அனுப்புவதாகப் பொறுப்பெடுத்த ஏஜென்சிக்காரன் அவனையும் இன்னும் சிலரையும் ஒரு மாடிவீட்டில் அடைத்து வைத்து ஏழு மாதம். இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று சொல்லிச் சொல்லியே பனிக்காலம் முடிந்திருந்தது. தம்பியின் கையில் ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டு நம்பரை மட்டும் பாடமாக்கி வைத்திருந்தான். ஹீத்ரோவில் இறங்கி அகதி என்று சொன்னால் அதிகாரிகள் அந்த நம்பருக்கு அடிப்பார்கள். யாராவது எடுத்து, என் தம்பிதான், என்னோடு இருப்பான் என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எடுக்க ஆளில்லாவிட்டால் உள்ளே வைப்பார்கள். எண்பதுகளில் நான் வந்து இறங்கிய நாளில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அடுப்பில் கறியை விட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாராம். அதனால்தான் நான் அன்றைக்கே வெளியே வந்தேன்.

“ஏழு மாதமா வராதவர் இந்த நாலு நாளுக்குள்ளயோ வரப்போறார்?” என்றாள் மனைவி. “நீங்கள் போகாட்டி நான் தனியப் போவன்.”

அவள் சொன்னால் செய்வாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி போன் அடித்தான். நான் அப்போது ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியோடு, பயணத்துக்குச் சட்டை தேய்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணை, சுகமே?”

“ஓம். நீ சாப்பிட்டியோ? அவன் என்ன சொல்லுறான்?”

“ஒண்டும் இல்லை அண்ணை.”

பயணத்தைப் பற்றித் தொலைபேசியில் மூச்சும் விடக்கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. அதனால் நானும் மேலே கேட்கவில்லை. நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது. பாணும் உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு கிடப்பவனிடம், ஸ்பாவுக்குப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை.

“சரி அண்ணை, அப்ப நான் வாறன்,” என்றான்.

“ஓம், ஓம்,” என்று வைத்துவிட்டுச் சேட்டின் கையை மடித்தேன்.

ஹோட்டலில் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அதற்கு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். சனங்கள் வெள்ளை அங்கியும் துணிச் செருப்புமாக, ஆஸ்பத்திரி வாட்டில் உலாவுகிற நோயாளிகளைப்போலத் திரிந்தார்கள். என் மனைவி ஒரே நாளில் அந்த இடத்துக்காரியாகிவிட்டாள். எண்ணெய் பூசி உடம்பு பிடித்துவிடுகிற அறைக்குப் போய்வந்து, “முழுக்குத்தான், சீயாக்காய் மட்டும் இல்லை,” என்றாள். முகம் பளபளவென்று இருந்தது. ஆறு வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குக் கோல்ஃப் பழக்கினார்கள். பழக்கியவர் வெயிலில் காய்ந்த மெலிந்த மனிதர். தோளைத் தளர்த்து, தளர்த்து என்று என் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓங்கி அடித்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருக்க, ஒரு பிடி புல் பறந்தது. மற்ற மனேஜர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாட்டில் நழுவி, வரவேற்பு மண்டபத்தில் இருந்த தொலைபேசிக்குப் போனேன். வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டே வீட்டுக்கு அடித்தேன். மணி போனது. எனக்கு ஆறுதலாக இருந்தது. லைன் சும்மா இருக்கிறது, ஆகவே தம்பி அடிக்கவில்லை என்று ஒரு கணக்கு. அன்று மட்டும் அப்படி ஐந்து தரம் அடித்தேன்.

“உங்களோட வந்ததுக்கு நான் அந்தப் போனையே கழட்டிக் கொண்டு வந்திருக்கலாம்,” என்றாள் மனைவி.

புதன்கிழமை காலை என்னை வெந்நீர்த் தொட்டிக்குள் இருத்தினாள். பத்து நிமிடம் அசையாமல் இருக்கவேண்டும் என்று கட்டளை. பிறகு அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எண்ணெய் அறைப் பக்கம் திரும்பினாள்.

“போட்டு வாறன்,” என்றாள்.

நான் தலையாட்டினேன். கதவு சாத்துப்பட்டது. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் எனக்குக் கேட்டது.

எங்கள் ஆட்கள் புறப்படும்போது போறன் என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொல்லிப் போனவன் திரும்ப மாட்டான் என்று ஒரு பயம். வாறன் என்றுதான் சொல்வது. ஆனால் அது வாசலில் நின்று சொல்கிற சொல். தொலைபேசியில் ஒருவரும் வாறன் என்று சொல்வதில்லை, வைக்கிறன் என்பார்கள். ஏழு மாதமாகத் தம்பியும் அப்படித்தான் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாறன் என்றான். ஏஜென்சிக்காரனுக்குப் பயந்து வேறொன்றும் சொல்ல முடியாதவன், புறப்படுகிறேன் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சொல்லால் சொல்லியிருக்கிறான். நான் சேட்டு மடித்தேன்.

தொட்டியிலிருந்து எழும்பி, ஈரத்தோடு அங்கியை மாட்டி, புல்லுக்குக் குறுக்கே ஓடினேன். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். மண்டபத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, லண்டனில் என்னோடு வேலை செய்கிற பொடியன் ஒருவனைத் தொலைபேசியில் பிடித்து, ஓடிப்போய் எங்கள் வீட்டைப் பார் என்றேன். வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது. என்றாலும் சும்மா இருக்க ஏலவில்லை. அவன் முக்கால் மணி நேரத்தில் தெருமுனைத் தொலைபேசியில் இருந்து ஹோட்டலுக்கு அடித்தான்.

“அண்ணை, இப்ப நீங்கள் வீட்டுக்கு அடிச்சனீங்களோ?”

“இல்லை.”

“உள்ள போன் அடிச்சது அண்ணை. கதவை உடைப்பம் எண்டு நினைக்க நிண்டிட்டுது. பிறகும் அடிச்சது.”

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்க வேண்டாம். வெள்ளிக்கு முன் விமானத்தில் இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். எந்தக் குடிவரவு அலுவலகத்துக்கு அடித்தாலும் தகவல் தர முடியாது என்றார்கள். மனைவி பிறகு எண்ணெய் அறைக்குப் போகவில்லை. பெட்டியை அடுக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். நான் அவளோடு சண்டை பிடிக்கப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து திரும்ப அடுக்கத் தொடங்கியதால் அதுவும் நடக்கவில்லை.

தம்பி புதன்கிழமைதான் ஹீத்ரோவில் இறங்கியிருந்தான். ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அவன் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடித்துப் பார்க்கப் போக இன்னொரு கிழமை சென்றது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். அங்கே அவன் இருந்தது ஒன்பது கிழமை.

பார்வையாளர் அறைக்குள் வந்தவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டருக்குள் இருந்தான். அவன் என்னைக் கோபித்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வீட்டுக்கு மூண்டு தரம் அடிச்சவை அண்ணை. நம்பர் பிழை எண்டு சொல்லிச்சினம். இல்லை, சரியான நம்பர்தான் எண்டு நான் நிண்டிட்டன்.” பிறகு சாதாரணமாகத்தான் கேட்டான். “எங்க போனனீங்கள்?”

மேசையைப் பார்த்துக்கொண்டு, “ஷிப்ட்,” என்றேன். “ரெண்டு பேருக்கும்.”

“அதுதான் நானும் அவைக்குச் சொன்னனான்,” என்றான். “என்ரை அண்ணை எனக்காக ஒரு நாள் லீவும் எடுக்காமல் உழைக்கிறவர், வேலையிலதான் நிப்பார் எண்டு.”

பக்கத்தில் இருந்த மனைவி என்னைப் பார்க்கவில்லை. நான் ஓம் என்றேன்.